பொருள் திரட்டிக் கல்விக்கூடம் கண்ட பாபாசாகேப்

நம் கல்விக் கழகம் வெள்ளிவிழாக் காணும் இந்நன்னாளில், அண்ணல் டாக்டர் அம்பேத்கர் அவர்களின் வாழ்க்கையைப் பற்றி இம்மலரில் எழுதுமாறு கழகத்தார் நம்மைப் பணித்தனர். அரசியல் சட்டம் வகுத்த அறிஞராகவும், தீண்டாமையை எதிர்த்துப் போரிட்ட தலைவராகவும் அண்ணலை நம் சிறுவரும் அறிவர். ஊர்தோறும் நிற்கும் சிலைகளில் அவர் ஒரு கையில் நூலேந்தி, மறு கையை நீட்டி வழிகாட்டுவதைக் காண்கிறோம். அந்தக் கை உதவி நாடி நீண்ட காலமும் உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மன்னரிடமும், நண்பரிடமும், நகராட்சியிடமும், அரசாங்கத்திடமும், கூலி வேலை செய்த தம் மக்களிடமும் அவர் பொருள் கேட்டார். கேட்ட பொருளைக் கொண்டு பத்திரிகை நடத்தினார், விடுதிகள் வைத்தார், கல்லூரிகள் எழுப்பினார். அண்ணலின் வாழ்க்கையில் அந்தப் பக்கத்தையே இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

அதற்குக் காரணம் உண்டு. விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டைக் கடந்து, ஏலத் தோட்டங்களுக்குக் கூலிக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகள் பலர் சிலமலையில் இன்று பட்டம் பெற்றுள்ளனர். அவர்களுள் சிலர் வேலை தேடி அலைவதைக் காட்டிலும் சொந்தமாகத் தொழில் தொடங்குவதே நன்று என்று துணிகின்றனர். ஆனால் கையில் முதல் இல்லை. மானியம் கேட்கச் சிலர் கூசுகின்றனர். கேட்டுப் பெற்றவர் சிலர் அதைக் காக்கத் தெரியாமல் இழக்கின்றனர். இவ்விரு சாராருக்கும் அண்ணலின் வாழ்க்கையில் பாடம் இருக்கிறது. மூத்தவர்களாகிய நமக்கு அதனினும் பெரிய பாடம் இருக்கிறது. அதனை இறுதியில் கூறுவோம்.

தந்தையின் அடகுச் சீட்டு

பீமராவ் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவில் மாவ் என்னும் படைமுகாமில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் அவருக்குக் கிடைத்த ஓய்வூதியம் திங்களுக்கு ரூ. 50. அக்குடும்பம் பின்னர் பம்பாயில், ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பரேல் பகுதியில், ஒற்றை அறையில் குடியிருந்தது. அந்த அறையே சமையற்கூடம், அதுவே படுக்கையறை, பீமராவுக்குப் படிக்கும் அறையும் அதுவே. மாலையில் மகனை முன்னதாக உறங்கச் செய்து, பின்னிரவு இரண்டு மணிக்குத் தந்தையார் எழுப்பிவிடுவார். மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் மகன் படிப்பான்.

பீமராவுக்குப் புத்தகத்தின்மீது அளவிறந்த ஆசை. மகன் ஒரு நூலைக் கேட்டு, கையில் காசில்லாவிட்டால், ராம்ஜி மணமான தம் பெண்மக்களின் வீட்டுக்குச் செல்வார். அவர்களிடம் கைமாற்று வாங்குவார். காசு இல்லையென்றால் நகையை வாங்கிச் சென்று அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். அண்ணலின் கல்விக்குக் கிடைத்த முதல் நன்கொடை எந்த மன்னரின் கருவூலத்திலிருந்தும் வந்ததன்று. அவருடைய சகோதரியரின் நகையிலிருந்து வந்தது. வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்னும் பாடத்தையும் அந்த அடகுக் கடையிலேயே அவர் கற்றிருத்தல் வேண்டும்.

ஆசிரியர் ஒருவரின் பரிந்துரை

1907இல் பீமராவ் மெட்ரிகுலேஷன் தேறினார். தீண்டத்தகாதோர் எனப்பட்ட வகுப்பில் அது அரிதினும் அரிதாகையால், பாராட்டுக் கூட்டம் ஒன்று நடைபெற்றது. அக்கூட்டத்திற்கு வந்திருந்தவர்களுள் கிருஷ்ணாஜி அர்ஜுன் கெலுஸ்கர் என்பவரும் ஒருவர். அவர் பள்ளியாசிரியர், நூலாசிரியர். பூங்காவில் அமர்ந்து நாள்தோறும் படிக்கும் இச்சிறுவனை அவர் முன்னரே கண்டிருந்தார். தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசளித்தார்.

பீமராவ் இன்டர்மீடியட் தேறியபோது தந்தையாரால் மேற்கொண்டு படிக்கவைக்க இயலவில்லை. கெலுஸ்கர் வாளாவிருக்கவில்லை. தகுதியுள்ள தீண்டத்தகாத மாணவன் எவனுக்கும் உதவுவதாகப் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் பொதுக்கூட்டத்தில் அறிவித்திருந்ததை அவர் நினைவில் வைத்திருந்தார். மாணவனை மன்னரிடம் அழைத்துச் சென்றார். மன்னர் சில வினாக்களைத் தொடுத்தார். விடைகளில் நிறைவுற்றுத் திங்களுக்கு ரூ. 25 உதவித்தொகை வழங்கினார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மன்னர் உதவி செய்யச் சித்தமாயிருந்தார், மாணவன் தகுதியோடிருந்தான். எனினும் இருவருக்குமிடையே பாலமாக ஓர் ஆசிரியர் நில்லாதிருந்தால் அவ்வுதவி உரியவரைச் சேர்ந்திராது. இன்றும் அரசுத் திட்டங்கள் பல தாளில் இருக்கின்றன. தகுதியுள்ள இளைஞரும் இருக்கின்றனர். நடுவில் நிற்க வேண்டிய கெலுஸ்கர்களே குறைவு.

பரோடா தந்த பொருள்

பி.ஏ. பட்டம் பெற்ற பீமராவ் பரோடா அரசுப் பணியில் சேர்ந்த சின்னாட்களிலேயே, 1913 பிப்ரவரி 2ஆம் நாள், தந்தையார் காலமானார். அவ்வாண்டே மன்னர் அவரை மேற்படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்ப முன்வந்தார். ஜூன் 4ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மூன்றாண்டுகளுக்குத் திங்கள்தோறும் பதினொன்றரைப் பவுன் உதவித்தொகை. படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிதல் வேண்டும் என்பது நிபந்தனை.

நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் அத்தொகையைச் செலவிட்ட முறை நம் மாணவர் அறியத் தக்கது. உணவைச் சுருக்கினார். பம்பாயில் துணைவியார் ரமாபாயின் குடும்பச் செலவுக்கு ஒரு பகுதியை அனுப்பினார். மிஞ்சியதைப் பழைய புத்தகக் கடைகளில் செலவிட்டு ஏறத்தாழ இரண்டாயிரம் நூல்களைச் சேர்த்தார். 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாணங்களின் நிதி வளர்ந்த வரலாற்றை அவர் ஆராய்ந்து எழுதிய நூல் 1925இல் வெளிவந்தது. நடுவண் அரசு மாகாணங்களுக்குப் பொருளைப் பகிர்ந்தளித்த முறைகளை அந்நூல் ஆராய்கிறது. மானியம் பெற்றுப் படித்தவர், மானியம் என்பது எவ்வாறு தரப்பட வேண்டும், எவ்வாறு கணக்கிடப்பட வேண்டும் என்பதையே ஆராய்ந்தார்! அந்நூலைத் தம் கல்விக்கு உதவிய சயாஜிராவ் மன்னருக்கே நன்றியுடன் காணிக்கையாக்கினார்.

பணி இருந்தது, குடியிருக்க வீடில்லை

1916இல் லண்டன் சென்று பொருளியலும் சட்டமும் பயிலத் தொடங்கிய அம்பேத்கர், உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917இல் தாயகம் திரும்பினார். தனியே கப்பலில் அனுப்பிய நூல்களுள் பெரும்பகுதி, முதல் உலகப் போரில் அக்கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியதால் கடலோடு போயிற்று.

ஒப்பந்தப்படி பரோடாவில் படைத்துறைச் செயலாளராகப் பணியேற்றார். அந்நகரில் அவருக்கு வாடகைக்கு வீடு தருவார் இல்லை. அலுவலகச் சேவகர்கள் கோப்புகளைத் தொலைவிலிருந்து மேசைமீது எறிந்தனர். வேறு வழியின்றிப் பார்சி விடுதியொன்றில் தங்கினார். சில நாட்களில் செய்தி பரவிற்று. தடிகள் ஏந்திய கூட்டம் ஒன்று வந்து, மாலைக்குள் வெளியேறுமாறு மிரட்டியது. அமெரிக்கப் பட்டமும் அரசுப் பதவியும் பெற்றிருந்த அவ்வறிஞர், பொதுப் பூங்கா ஒன்றில் அமர்ந்து கண்ணீர் விட்டார். இரவு வண்டியில் பம்பாய் திரும்பினார்.

இளைஞர்கள் இந்நிகழ்ச்சியைச் சிந்தித்தல் வேண்டும். அம்பேத்கருக்கு மன்னரின் பொருளுதவி கிடைத்தது. அதன் பயனாகக் கல்வியும் பதவியும் கிடைத்தன. ஆயினும் அவரைத் தாங்கிக்கொள்ள ஒரு தெரு இல்லை. ஒரு திண்ணை இல்லை. மானியம் ஒரு மனிதனை உயர்த்தலாம். அம்மனிதன் நிற்பதற்குச் சமூகம் என்னும் தரை வேண்டும்.

மூடப்பட்ட தொழிலகம்

பம்பாய் திரும்பியவர் சோர்ந்துவிடவில்லை. மாணவர் சிலருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பங்குச் சந்தை வணிகர்களுக்கு ஆலோசனை கூறும் தொழில் நிலையம் ஒன்றையும் தொடங்கினார். அண்ணல் ஒரு தொழில் முனைவோராகவும் இருந்தார் என்பது நம்மில் பலர் அறியாதது. பொருளியலைக் கரைத்துக் குடித்தவருக்கு அத்தொழிலில் திறமைக்குக் குறைவில்லை. தொடக்கத்தில் வாடிக்கையாளரும் வந்தனர். ஆலோசனை கூறுபவர் தீண்டத்தகாத வகுப்பினர் என்று தெரிந்ததும் வருவது நின்றது. நிலையம் மூடப்பட்டது.

தொழில் தோற்றதற்கு முதலாளியின் அறியாமை காரணமன்று. வாங்குவோரின் மனமே காரணம். ஆகவே நம் பிள்ளை ஒருவன் கடை வைத்தால், முதலில் அக்கடையின் படியேற வேண்டியவர் யார் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

1918 நவம்பரில் அவருக்குப் பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியர் பணி கிடைத்தது. ஊதியம் திங்களுக்கு ரூ. 450. அந்நாளில் அது பெருந்தொகை. எனினும் அவர் வாழ்க்கை மாறவில்லை. லண்டனில் விட்டுவந்த படிப்பை முடிப்பதற்காகச் சிக்கனமாக வாழ்ந்து சேமித்தார்.

ஊமையர் தலைவனுக்கு ஒரு கொடையாளர்

பேச இயலாதிருந்த மக்களுக்காகப் பேச ஒரு பத்திரிகை வேண்டும் என்று அம்பேத்கர் எண்ணினார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ், அவரைத் தேடிப் பரேலில் இருந்த அவர் இருப்பிடத்திற்கே வந்தவர். அம்மன்னர் தந்த ரூ. 2,500 கொண்டு 1920 ஜனவரி 31ஆம் நாள் மூக்நாயக் என்னும் இதழ் வெளிவந்தது. ஊமையர் தலைவன் என்பது அதன் பொருள். அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் மாங்காவ் மாநாட்டில், உங்களுக்கு உங்களிலிருந்தே தலைவர் கிடைத்துவிட்டார் என்ற கருத்துப்பட மன்னர் மக்களிடம் எடுத்துரைத்தார்.

ஜூலையில் அம்பேத்கர் மீண்டும் லண்டன் சென்றார். கொலம்பியாவில் உடன்பயின்ற நவல் பதேனா என்னும் பார்சி நண்பர் ரூ. 5,000 கடன் கொடுத்தார். பரோடாவில் அவரை விடுதியிலிருந்து விரட்டியவர்களும் பார்சியர். லண்டன் செல்லக் கைகொடுத்தவரும் பார்சியரே. ஒரு வகுப்பாரின் சிலர் இழைத்த தீங்கை எண்ணி அவ்வகுப்பார் அனைவரிடமும் உதவி கேட்பதை விட்டுவிடுவது அறிவுடைமை ஆகாது. லண்டனில் அரைவயிற்று உணவோடு, நூலகம் திறக்கும் வேளை தொடங்கி மூடும் வேளை வரை படித்தார். பொருளியலில் டி.எஸ்சி. பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுதி, பாரிஸ்டர் தகுதியும் பெற்று 1923இல் திரும்பினார்.

அவர் கடல் கடந்திருந்த காலத்தில் மூக்நாயக் நின்றுவிட்டது. மன்னர் தந்த பொருளால் பிறந்த இதழ், நடத்துவோர் அருகில் இல்லாமையால் மடிந்தது. தொடங்குவதற்குப் பொருள் போதும். தொடர்ந்து நடப்பதற்கு ஆள் வேண்டும், அமைப்பு வேண்டும். இதனை அண்ணல் நன்கு உணர்ந்தார். இதன்பின் அவர் தொடங்கிய பணிகளுக்கெல்லாம் சங்கம் ஒன்றை முதலில் அமைத்துக்கொண்டார்.

நகராட்சி தந்த நாற்பது ரூபாய்

1924 ஜூலையில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை தோன்றியது. ஒதுக்கப்பட்டோரின் நன்மைக்கான சங்கம் என்பது அப்பெயரின் பொருள். புகழ்பெற்ற வழக்கறிஞர் சர் சிமன்லால் சேதல்வாட் அதன் தலைவர். பிற வகுப்புகளைச் சேர்ந்த பெருமக்கள் சிலர் துணை நின்றனர். நிர்வாகக் குழுவின் தலைவர் பொறுப்பை அம்பேத்கர் ஏற்றார். செல்வமும் செல்வாக்கும் உள்ளோரின் பரிவின்றி ஏழை வகுப்பு எழ இயலாது; அதே வேளையில், வேலையின் கடிவாளம் அவ்வகுப்பாரின் கையிலேயே இருத்தல் வேண்டும். இரண்டையும் ஒருங்கே காத்த ஏற்பாடு இது.

அச்சபை 1925 ஜனவரி 4ஆம் நாள் சோலாப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு விடுதி ஒன்றைத் திறந்தது. உணவு, உடை, எழுதுபொருள் ஆகியவற்றைச் சபையே அளித்தது. சோலாப்பூர் நகராட்சி திங்களுக்கு ரூ. 40 மானியம் வழங்கியது. நாற்பது ரூபாய் சிறுதொகைதான். ஆயினும் ஒரு நகராட்சியின் வரவு செலவுக் கணக்கில் நம் பிள்ளைகளின் சோற்றுக்கென ஒரு வரி எழுதப்பட்டுவிட்டது. தனியொருவர் தருவது இரக்கம். பொதுப்பணத்திலிருந்து கிடைப்பது உரிமை. அவ்வுரிமையின் தொடக்கம் அந்த நாற்பது ரூபாய்.

இன்னொரு நாற்பது ரூபாயும் உண்டு. 1927 மார்ச்சு மாதம் மகாத் நகரில் மாநாடு கூடியபோது, வந்திருந்தோர் குடிப்பதற்காகப் பிற சாதியாரிடம் நாற்பது ரூபாய் கொடுத்துத் தண்ணீர் வாங்க நேர்ந்தது. அருகிலேயே பொதுக்குளம் நிறைந்து கிடந்தது! அம்மாநாட்டின் இறுதியில்தான் அண்ணலும் மக்களும் அணிவகுத்துச் சென்று அக்குளத்து நீரைப் பருகினர். அதே ஆண்டு டிசம்பரில் இரண்டாம் மாநாட்டுக்கு இடம் தர இந்துக்களில் எவரும் முன்வராதபோது, இஸ்லாமியர் ஒருவர் தம் நிலத்தைத் தந்து உதவினார். குளத்து வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்று 1937இல் நம் பக்கம் வென்றது.

அவ்வாண்டு ஏப்ரலில் அண்ணல் தொடங்கிய பகிஷ்கிருத பாரத் இதழ் விரைவில் கடனில் ஆழ்ந்தது. உதவியாசிரியர் வைக்கப் பணமில்லாமையால் பெரும்பகுதியை அவரே எழுதி நிரப்பினார். கடனை மறைக்கவில்லை. 1928இல் இதழிலேயே அதனை எடுத்துரைத்து, இக்கடன் பொதுமக்களின் கடனும் அன்றோ என்று வாசகரை வினவினார். மக்களிடம் பணம் கேட்பவர், மக்களிடம் நிலைமையை மறைக்கலாகாது என்பது அவர் கொண்ட முறை. 1929 நவம்பரில் அவ்விதழும் நின்றது. அண்ணல் தொட்டதெல்லாம் துலங்கவில்லை. தோற்றது எதனால் என்று கண்டு அடுத்ததைத் தொடங்கியதே அவர் பெருமை.

வளையல் அடகு

1928இல் ஒடுக்கப்பட்டோர் கல்விச் சங்கம் ஒன்றை அண்ணல் நிறுவினார். பம்பாய் அரசு உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கென ஐந்து விடுதிகளுக்கு மானியம் அளிக்க இசைந்து, அவற்றின் பொறுப்பை அச்சங்கத்திடம் ஒப்படைத்தது. மானியம் செலவுக்குப் போதவில்லை. அண்ணல் பிற வகுப்பாரிடமும் நன்கொடை கேட்டார்.

தார்வார் விடுதியைப் பொறுப்பேற்று நடத்தியவர் வராலே என்பவர். அவ்விடுதியைப் பற்றி ஒரு செய்தி வழிவழியாகக் கூறப்பட்டு வருகிறது. ரமாபாய் அம்மையார் உடல்நலம் கருதி அங்குச் சென்று தங்கியிருந்தபோது, அரசு மானியம் உரிய காலத்தில் வாராமையால் பிள்ளைகளுக்கு உணவு சமைக்கத் தானியம் இல்லை. அதனை அறிந்த அம்மையார் தம் பொன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்து, அடகு வைத்துப் பிள்ளைகளுக்கு உணவிடச் சொன்னாராம். தம் மக்கள் நால்வரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்த தாய் அவர்.

ராம்ஜியின் பெண்மக்கள் நகையை ஈந்தது தம் உடன்பிறந்தானுக்காக. ரமாபாய் ஈந்ததோ யார் பெற்ற பிள்ளைகளுக்கோ! ஒரு தலைமுறையில் கொடை வீட்டைத் தாண்டிச் சமூகத்தை அடைந்துவிட்டது. அரசு மானியம் தாமதமாகலாம், நின்றும் போகலாம். அந்த இடைவெளியை நிரப்ப ஒரு வளையல் உள்ள வரையில்தான் எந்த நிறுவனமும் பிழைக்கும். அம்மையார் 1935 மே 27ஆம் நாள் மறைந்தார்.

மூன்று லட்சம்

லண்டன் வட்டமேசை மாநாடுகளில் அண்ணலும் நம் தமிழ்நாட்டு ரெட்டமலை சீனிவாசனாரும் அருகருகே நின்று உரிமைக்குரல் எழுப்பியதை நம் மக்கள் நன்கறிவர். அதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1942 ஜூலையில் அண்ணல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அதே மாதம் நாகபுரியில் தோன்றிய தாழ்த்தப்பட்டோர் கூட்டமைப்புக்குச் சென்னையின் என். சிவராஜ் தலைவரானார்.

அவ்வாண்டு அக்டோபரில் அண்ணல் வைசிராய் லின்லித்கோ பிரபுவிடம் நீண்ட விண்ணப்பம் ஒன்றைக் கொடுத்தார். அதில் அவர் கல்விக்குப் பொருள் கேட்ட முறையைக் காண்க. நாங்கள் ஏழைகள், இரங்குங்கள் என்று கேட்கவில்லை. அலிகார் பல்கலைக்கழகத்துக்கும் பனாரஸ் பல்கலைக்கழகத்துக்கும் அரசு ஆண்டுதோறும் மூன்று மூன்று லட்சம் ரூபாய் வழங்குவதைச் சுட்டிக்காட்டினார். தாழ்த்தப்பட்ட மக்களின் உயர்கல்விக்கும் அதே அளவு தொகை ஒதுக்குமாறு கேட்டார். கேட்டது இன்ன தொகை. அதற்கு அடிப்படை இது. செலவாகும் வழி இது. விண்ணப்பம் எழுதும் கலைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு உண்டோ!

அரசு இசைந்தது. ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு ரூ. 3 லட்சம் ஒதுக்கப்பட்டது. மாணவர் சிலர் கடல் கடந்து படிக்கவும் அத்திட்டம் வழிசெய்தது. மெட்ரிகுலேஷனுக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை என்று நம் பிள்ளைகள் கல்லூரியில் பெற்றுவரும் தொகையின் ஊற்றுக்கண் அதுவே. நம் ஊர்ப் பட்டதாரிகளின் பட்டத்தாளில் அந்த விண்ணப்பத்தின் மை கலந்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

படைக் கொட்டகையில் கல்லூரி

1945 ஜூலை 8ஆம் நாள் மக்கள் கல்விக் கழகத்தை அண்ணல் நிறுவினார். 1946 ஜூன் 20ஆம் நாள் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தொடங்கப்பெற்றது. கட்டடம் எழும் வரை காத்திருக்கவில்லை. போர்க்காலத்தில் படையினர்க்காக அமைத்த கொட்டகைகளைப் பெற்று அங்கேயே வகுப்புகளைத் தொடங்கினார். பகலில் அலுவலகங்களில் பணிபுரிவோரும் படிக்குமாறு காலை நேர வகுப்புகள் நடந்தன. அரசுக் கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்ற கஜேந்திர கட்கர் முதல் முதல்வரானார். ஆசிரியரிலும் மாணவரிலும் எல்லா வகுப்பாரும் இருந்தனர். நம்மைப் பிறர் ஒதுக்கியது போல நாம் பிறரை ஒதுக்கலாகாது என்பது அண்ணலின் கொள்கை.

அடுத்து அவர் நோக்கு அவுரங்காபாத் நகரின்பால் சென்றது. ஹைதராபாத் ஆட்சியின்கீழ் இருந்த மராத்வாடா கல்வியில் மிகப் பின்தங்கிய பகுதி. பட்டப்படிப்புக்கு மாணவர் ஹைதராபாத் வரை செல்ல வேண்டியிருந்தது. ஹைதராபாத் அரசிடம் கடன் பெற்று 1950இல் அங்குக் கல்லூரி தொடங்கினார். 1951 செப்டம்பர் 1ஆம் நாள் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதுவே மிலிந்த் மகாவித்தியாலயம். நடுவண் அமைச்சராக இருந்த அந்நாட்களிலும் அண்ணல் அவுரங்காபாத் சென்று கட்டட வேலையை நேரில் கவனித்தார்.

நம் தமிழகத்திலும் இவ்வாறு பொருள் திரட்டிய பெருமக்கள் உண்டு. சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் கல்விக் கழகம் கண்ட சுவாமி சகஜானந்தர் அவர்களுள் தலையாயவர். கல்விக்காகக் கையேந்தியவர் எவரும் தாழ்ந்துவிடவில்லை என்பதற்கு இவர்கள் சான்று.

ஆக்ராவில் கலங்கிய உள்ளம்

1956 மார்ச்சு 18ஆம் நாள் ஆக்ராவில் பெருங்கூட்டத்தின்முன் அண்ணல் உரையாற்றினார். தம் பாடுகளின் பயனாகப் படித்துப் பதவி பெற்றவர்கள், பின்தங்கிய தம் மக்களைத் திரும்பிப் பார்க்கவில்லையே என்று மனம் நொந்து கூறினார். அவ்வாண்டு அக்டோபரில் நாகபுரியில் பௌத்தம் தழுவியபின் பேசியபோது, ஒவ்வொருவரும் தம் வருவாயில் இருபதில் ஒரு பங்கைப் பொதுப்பணிக்கு அளிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். டிசம்பர் 6ஆம் நாள் டில்லியில் மறைந்தார். மன்னரிடம் இருபத்தைந்து ரூபாய் பெற்றுத் தொடங்கிய வாழ்க்கை, நூற்றுக்கு ஐந்து கொடுங்கள் என்று மக்களைக் கேட்டு முடிந்தது.

ஆக்ராவில் அண்ணல் நொந்துகொண்டது நம்மையும் நோக்கித்தான். ஓர் உண்மையை மறைக்காமல் கூறுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் நம் தெருப் பட்டதாரி இளைஞர் ஒருவர், சிறு விவசாயிகளிடம் ஏலக்காய் வாங்கித் தரம் பிரித்து விற்கும் தொழில் தொடங்க விரும்பினார். அவருடைய தாயார் போடியில் காய் பொறுக்கும் வேலை செய்தவர். பிள்ளைக்கும் அத்தொழிலின் நெளிவு சுளிவு தெரியும். கடன் கேட்ட இடத்தில், ஊதியம் பெறும் ஒருவரின் ஜாமீன் கையெழுத்து வேண்டும் என்றனர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் நம் வீட்டுக்கு வந்தார். வீட்டில் திருமணச் செலவு இருக்கிறது, பிறகு பார்ப்போம் என்று கூறி அனுப்பிவிட்டோம். அவர் வற்புறுத்தவில்லை, கொடுத்த தேநீரைப் பருகிவிட்டுச் சென்றார். அடுத்த வாரம் விடியற்காலையில் மலையேறும் ஜீப்பில் அவரைக் கண்டோம். நம்மைப் பார்த்து வணங்கினார். அந்த வணக்கத்தை இன்னும் மறக்க இயலவில்லை. கெலுஸ்கரும் ஆசிரியர்தாம், நாமும் ஆசிரியர்தாம்.

இளைஞர்களே! நீங்கள் கூச வேண்டா. நம் மக்களின் முன்னேற்றத்துக்கென 1974இல் தோன்றிய தாட்கோ நிறுவனம் தொழிலுக்கும் உதவுகிறது. தமிழக அரசு 2023இல் அண்ணலின் பெயராலேயே தொழில் முன்னோடிகள் திட்டத்தை அறிவித்தது. அதில் முதலீட்டில் நூற்றுக்கு 35 பங்கு, ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேற்படாமல், மானியமாகத் தர வகை செய்யப்பட்டது. மாவட்டத் தொழில் மையத்தின் படியேறிக் கேளுங்கள். என்ன தொழில், எவ்வளவு முதல், யார் வாங்குவார், எப்போது திருப்பிச் செலுத்துவீர் என்பதை எழுதிக்கொண்டு செல்லுங்கள். மானியத்துக்காகத் தொழில் தொடங்காதீர். தொழிலுக்காக மானியம் கேளுங்கள். பெற்ற ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு வையுங்கள். ஒருவர் கணக்குத் தவறினால் அடுத்து வரும் நம் பிள்ளைகள் பத்துப் பேரின் முகத்தில் கதவு அடைபடும்.

கழக உறுப்பினர்களே! கட்டடமும் மேடையும் விழாவும் மலரும் மட்டும் வெள்ளிவிழாவாகா. இவ்வாண்டு முதல் நம் கழகத்தில் ஒரு குழு அமையட்டும். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்க்கு அது எழுதிக் கொடுக்கட்டும்; அலுவலகத்துக்குத் துணை செல்லட்டும்; நேர்மையான இளைஞர்க்கு ஜாமீன் நிற்கட்டும்; ஆண்டுதோறும் பொதுவில் கணக்குப் படிக்கட்டும். நம் பிள்ளைகள் தொடங்கும் கடையில் முதல் வாடிக்கையாளர் நாமாக இருப்போம். இருபதில் ஒரு பங்கு இயலாதெனில் இயன்றதைத் தருவோம். அக்குழுவின் ஜாமீன் பத்திரத்தில் முதல் கையெழுத்து நம்முடையதாக இருக்கும் என்பதை இம்மலரின் வாயிலாகவே உறுதி கூறுகிறோம்.

வாழ்க அண்ணலின் புகழ்! வளர்க நம் கல்விக் கழகம்!